சிறுவர் இல்லத்தை விட்டு வெளியேறும் வயது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னிப் பகுதியான கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் போருக்குப் பிறகு ஏராளமான பிள்ளைகள் சிறுவர் இல்லங்களில் வளர்ந்தார்கள். 2008, 2009ஆம் ஆண்டுகளில் பதுங்குகுழிகளுக்கும் தறப்பாள் கொட்டில்களுக்கும் நடுவில் பிறந்தவர்கள் இப்போது பதினெட்டைத் தொடுகிறார்கள். அவர்களும் அவர்களை வளர்த்தவர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பிள்ளைகளோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டவை இவை. சட்டத்தரணியின் ஆலோசனைக்கு இவை ஈடாகாது.

பதினெட்டு வயதானால் இல்லத்தை விட்டுக் கட்டாயம் போகவேண்டுமா?

இலங்கையில் பராயமடையும் வயது 1989இல் 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. நீதிமன்றக் கட்டளையின் பேரில் இல்லத்துக்கு வந்த பிள்ளை என்றால் அந்தப் பொறுப்பு அதோடு முடிகிறது. ஆனால் வாழ்க்கை அந்தக் கணக்குப்படி நடப்பதில்லை. நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதுவதே பதினெட்டிலோ பத்தொன்பதிலோதான். பிறகு பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழக அனுமதி என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பெட்டியைக் கட்டச் சொன்னால் படிப்பும் அதோடு நிற்கும்.

பல இல்லங்கள் உயர்தரம் முடியும்வரை பிள்ளையை வைத்திருக்கின்றன. அது இல்லத்தாரின் மனதையும் இடவசதியையும் பொறுத்த விடயம். அதனால் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே கேளுங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல், உங்கள் பகுதி நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கும்போது கதைத்து, எதுவரை இருக்கலாம் என்று எழுதி வாங்குங்கள்.

வேறு நாடுகள் இதை எப்படிப் பார்க்கின்றன என்றும் சிலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தில் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை, இரு தரப்பும் விரும்பினால் 21 வயதுவரை அங்கேயே இருக்கலாம் என்று 2014இல் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் 21 வரை பராமரிப்பை நீடிக்க விரும்பும் மாநிலங்களுக்குப் பணம் கொடுக்க வழி செய்தது. ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்களும், வெளியேறுவதற்கான ஆயத்தம் வெகு முன்னரே தொடங்க வேண்டும், வெளியேறிய பிறகும் துணை தொடர வேண்டும் என்கின்றன. இது வசதியான நாடுகளுக்கு மட்டும் சொன்னதல்ல.

எந்தப் பத்திரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்? எப்போது தொடங்குவது?

பதினைந்து வயதில் தொடங்குங்கள். தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது அதுதான். சாதாரண தரப் பரீட்சைக்கு அட்டை தேவை என்பதால் பாடசாலை ஊடாகவே அது நடக்கும். இடையில் படிப்பை விட்ட பிள்ளைக்குத்தான் சிக்கல். அவர் கிராம சேவகரிடம் போய் அவர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், பரீட்சைப் பெறுபேறுகள், தடுப்பூசி அட்டை, நீதிமன்றக் கட்டளை இருந்தால் அதன் பிரதி, தாய் தகப்பன் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் ஆகிய எல்லாம் வேண்டும். மூலப்பிரதிகள் இல்லத்தின் அலுமாரியில் கிடக்க, பிள்ளை போட்டோப் பிரதியோடு வெளியே வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு அந்த இல்லத்தில் பொறுப்பாளர் மாறிவிடுவார், அலுமாரித் திறப்பும் கைமாறிவிடும். வெளியேறும் நாளில் மூலப்பிரதிகளைக் கையெழுத்து வைத்து வாங்குங்கள். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

அடுத்தது வதிவிடம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இல்லத்தில் இருந்தவரை உங்கள் பெயர் அந்தப் பிரிவில் இருந்தது. வெளியே வந்ததும் அந்தப் பிரிவு விதானையார், அதாவது கிராம சேவகர், நீங்கள் இப்போது இங்கே இல்லையே என்பார். சொந்த ஊருக்குப் போனால் அங்குள்ளவர், உங்களை நான் கண்டதே இல்லையே என்பார். வதிவிடச் சான்றிதழ் இல்லாமல் வேலை, வங்கி, பயிற்சி என்று எங்கும் இழுபடும். எந்த முகவரியில் பதிவது என்பதை வெளியேறும் முன்பே முடிவு செய்யுங்கள். அந்த முகவரிக்குரிய கிராம சேவகரை இல்லப் பொறுப்பாளரோடு நேரில் போய்ச் சந்தியுங்கள். வாக்காளர் இடாப்பிலும் அங்கேயே பெயரைச் சேருங்கள்.

எனக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. போரில் பிறந்தேன் என்கிறார்கள்.

முதலில், பதிவே நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாம்களில் இருந்த காலத்தில் வவுனியாவில் பதிந்திருக்கலாம். அல்லது நீங்கள் பிறந்து சில ஆண்டுகள் கழித்து, பாடசாலையில் சேர்க்கும்போது அம்மம்மாவோ பெரியம்மாவோ பதிந்திருக்கலாம். பெயர், எழுத்து, திகதி சற்று மாறியிருக்கவும் கூடும். மூத்த உறவினரிடம் கேட்டுவிட்டுப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் தேடச் சொல்லுங்கள்.

பதிவு இல்லை என்று உறுதியானால் காலங்கடந்த பதிவுக்கு வழி உண்டு. பாடசாலை இடாப்பு, கிளினிக் அட்டை, தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவு, பிறப்பை அறிந்தவர்களின் சத்தியக்கடதாசி போன்றவை சான்றாக உதவும். பிறப்பு விபரம் எதுவுமே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அதை வைத்தும் அடையாள அட்டை எடுக்கலாம்.

இன்னொன்று. போர்க்காலத்தில் அவசர அவசரமாக நடந்த பல கலியாணங்கள் பதியப்படவில்லை. அதனால் சில பிள்ளைகளின் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என்ற இடத்தில் இல்லை என்று இருக்கும், சிலருக்குத் தகப்பன் பெயரே இராது. கவுண்டரில் இருப்பவர் அதைச் சத்தமாக வாசித்தால் பிள்ளை குறுகிப்போய் நிற்கும். அடையாள அட்டைக்கு இது தடையில்லை. நீங்கள் வெட்கப்பட வேண்டிய விடயமும் இல்லை. முதல் தடவை கூட ஒரு பெரியவரை அழைத்துப் போங்கள்.

அப்பா காணாமற்போனவர். இறந்ததாகப் பதியச் சொல்கிறார்கள். செய்யவேண்டுமா?

செய்தே ஆகவேண்டும் என்றில்லை. காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிய 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெற வழி செய்தார்கள். வங்கியில் அப்பாவின் பெயரில் உள்ள பணம், காணி போன்ற அலுவல்களை அதைக் கொண்டு முன்னெடுக்கலாம். அதே ஆண்டில் சட்டமான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் முறைப்பாடு ஏற்கெனவே இருக்கிறதா என்று குடும்பத்தில் கேட்டுப் பாருங்கள்.

உறவினருக்கு ஒரு வார்த்தை: காணி அலுவல் சுணங்குகிறது என்பதற்காகத் தகப்பனின் மரணச் சான்றிதழில் கையெழுத்து வைக்கச் சொல்லிப் பிள்ளையை நெருக்காதீர்கள். அந்தக் கையெழுத்து அந்தப் பிள்ளைக்கு வெறும் அலுவல் அல்ல.

ஊரில் அம்மா அப்பாவின் காணி இருக்கிறது. அதில் மாமா இருக்கிறார். எனக்கு உரிமை உண்டா?

பெரும்பாலும் உண்டு. அதை நிலைநாட்டுவதுதான் கடினம்.

வன்னியில் பல காணிகள் உறுதிக் காணிகள் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள், ஊரில் சொல்வதுபோல் பேர்மிட் காணிகள். அவற்றை வைத்திருப்பவர், தமக்குப் பின் காணியைப் பெறுபவராக, பின்னுரித்தாளர் என்று ஒருவரை நியமிக்க வேண்டும். நியமிக்காமல் இறந்திருந்தால் சட்டத்தில் உள்ள வரிசைப்படி போகும். முன்பு அந்த வரிசையில் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. 2022இல் வந்த திருத்தம் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. தங்கச்சிமார் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் இல்லத்தில் வளர்ந்த காலத்தில் மாமாவோ சித்தப்பாவோ அந்தக் காணியைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, வேலி போட்டு வைத்திருக்கலாம். வீட்டுத்திட்டத்தில் வீடும் கட்டியிருக்கலாம். அவர்கள் எல்லோரும் அபகரிப்பவர்கள் அல்லர். காணி காடாகாமல் இருந்ததற்கு அவர்களும் காரணம். ஆனால் வேறு மாதிரியும் நடக்கிறது. பிள்ளை பதினெட்டு வயதில் ஊருக்கு வந்த முதல் கிழமையிலேயே சாப்பாடு போட்டு, அன்பாகக் கதைத்து, ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எதிலும் ஒப்பம் வைக்காதீர்கள். வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி எடுத்து வந்து படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

பிரதேச செயலகக் காணிக் கிளையில் அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. வழக்காடவேண்டி வந்தால் சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றவர்களுக்கு இலவசமாக உதவும். மாமாவோடு பேசித் தீர்க்க முடிந்தால் அதுவே நல்லது. அதையும் எழுத்தில் வையுங்கள்.

வெளியே வந்தால் எங்கே தங்குவது?

இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். வறுமை, தாய் வெளிநாடு போனது, தகப்பன் மறுமணம் செய்தது என்று காரணங்கள் வேறு. ஆகவே அநேகர் போவது வீட்டுக்குத்தான். ஆனால் பத்து வருடம் லீவு நாட்களில் மட்டும் பார்த்த வீடு அது. அங்கே சித்தி இருப்பார், தெரியாத தம்பி தங்கைகள் இருப்பார்கள். கடைசி ஒரு வருடத்திலாவது மாதம் ஒரு தடவை போய் நின்று பழகினால், ஒத்துவருமா இல்லையா என்பது முன்பே தெரிந்துவிடும். ஒத்துவராது என்று தெரிந்துகொள்வதும் பயன்தான்.

கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் போர்டிங் எடுப்பவர்களுக்கு முற்பணம் வேண்டும், பொறுப்புக்கு ஒரு பெரியவர் வேண்டும். தனியாக ஒரு பெண்பிள்ளை அறை கேட்டுப் போனால் முதலில் வரும் கேள்வி, யாருடைய பிள்ளை என்பதுதான். இல்லப் பொறுப்பாளர் அந்த வீட்டுக்காரரோடு ஒரு தடவை நேரில் கதைத்தால் பாதிக் கதவு திறந்துவிடும். என் அனுபவத்தில் வேறெந்தச் சிபாரிசும் இவ்வளவு வேலை செய்ததில்லை.

படிப்பா, தொழிலா? எதைத் தேர்வது?

கூரையும் சேர்த்துத் தருகிற படிப்பு கிடைத்தால் அதை விடாதீர்கள். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி தங்கிப் படிக்கும் இடம். உயர்தரம் சித்தியடைந்து, தகுதி இருந்தால் ஆசிரியராகவே வெளிவரலாம். பல்கலைக்கழகம் கிடைத்தவர்களுக்கு மகாபொலப் புலமைப்பரிசில் அல்லது உதவிப்பணம் கிடைக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஆனால் நீண்ட விடுமுறையில் எங்கே போவது என்று இப்போதே யோசியுங்கள். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகும்போது விடுதியில் தனியே நிற்கும் பிள்ளை இல்லப் பிள்ளையாகத்தான் இருக்கும். இல்லத்தாரே, அந்த விடுமுறைக்காவது ஒரு பாயும் தலையணையும் ஒதுக்கி வையுங்கள்.

தொழில் என்றால், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., தருகிற பயிற்சியாகப் பார்த்துச் சேருங்கள். அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில் பழகுநர்களுக்கான அரச நிறுவனமான நைட்டா ஆகியவற்றின் பயிற்சிகளும் உண்டு. மூன்று மாதத் தையல், கேக் ஐசிங் வகுப்புகளை மட்டும் முடித்துவிட்டு வந்த பெண்பிள்ளைகள் பலர் அதைக் கொண்டு பிழைக்க முடியாமல் தவிக்கிறார்கள். மின்னிணைப்பு, வாகனத் திருத்தம், குளிரூட்டித் திருத்தம் எல்லாம் பெண்களும் படிக்கலாம்.

ஆடைத் தொழிற்சாலை வேலையைக் குறைவாக நினைக்க வேண்டாம். மாதச் சம்பளம், பேருந்து, பெரும்பாலும் ஒரு நேரச் சாப்பாடு இருக்கும். எங்கே வேலைக்குப் போனாலும் ஊழியர் சேமலாப நிதி உண்டா என்று கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும். அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம் அவர் கட்டவேண்டும். வெட்டிவிட்டுக் கட்டாமல் விடுகிற இடங்களும் உண்டு. தொழில் திணைக்களத்தில் விசாரிக்கலாம்.

காசு கையில் நிற்பதில்லை. என்ன செய்வது?

இல்லத்தில் அறுபது பேருக்கு அண்டாவில் சோறு வடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, ஒரு ஆளுக்குக் கிழமைக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்று தெரியாது. சவர்க்காரம், பற்பசை எல்லாம் கேட்காமல் வந்த இடத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். இதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. முதல் மூன்று மாதச் செலவை ஒரு கொப்பியில் எழுதினால் பாதி தெளியும்.

எச்சரிக்கையாக இருக்கவேண்டியது கடனில். நுண்கடன் வன்னியில் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்று உங்களுக்கே தெரியும். குழுக் கடனில் பெயர் கொடுக்கக் கேட்டால், பிணை நிற்கக் கேட்டால், மறுத்துவிடுங்கள். சொந்தக்காரர் கேட்டாலும் மறுக்கலாம். லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுப்பது இளந்தாரிகளின் பெரிய கனவு. நிரந்தர வேலை ஒரு வருடம் நிலைத்த பிறகு அதை யோசியுங்கள்.

ஒருவர் கலியாணம் செய்வதாகச் சொல்கிறார். உடனே ஓம் சொல்லலாமா?

இல்லத்தை விட்டு வந்த பெண்பிள்ளைகள் பலர் ஒரு வருடத்துக்குள் கலியாணம் முடித்துவிடுவதைக் காண்கிறேன். நிம்மதியாகத் தூங்க ஓர் இடமும் என் ஆள் என்று சொல்ல ஒருவரும் வேண்டும் என்ற ஏக்கம் அதன் பின்னால் இருக்கிறது. அதில் பிழையில்லை. ஆனால் தொலைபேசியில் மட்டும் பழகியவரை நம்பிப் போய்க் கைக்குழந்தையோடு திரும்பியவர்களையும் காண்கிறேன். திரும்புவதற்கும் அவர்களுக்கு வீடில்லை.

அவருடைய ஊருக்கு நம்பிக்கையான ஒருவரை அனுப்பி விசாரியுங்கள். அவர் முன்பு கலியாணம் செய்தவரா என்று பாருங்கள். பதிவு செய்யாமல் சேர்ந்து வாழப் போகாதீர்கள். சீதனம் இல்லாத, ஹோமில் வளர்ந்த பிள்ளை என்று உங்களை மலிவாகப் பார்க்கிற குடும்பம், கலியாணத்துக்குப் பிறகும் அப்படித்தான் பார்க்கும். அடி, மிரட்டல் என்று வந்தால் 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பதினெட்டுக்குக் கீழே என்றால் 1929.

வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா?

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள். வீட்டுப் பணிக்குப் பெண்கள் 21 வயதுக்குப் பிறகே போகலாம். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரை நம்பவேண்டாம். முகவர் உரிமம் உள்ளவரா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

இரவில் நித்திரை வருவதில்லை. யாரிடம் சொல்வது?

இருபது பேரோடு ஒரே மண்டபத்தில் படுத்துப் பழகியவருக்குத் தனி அறையின் அமைதி பயமாக இருப்பது இயல்பு. கூடவே சின்ன வயதில் பார்த்தவையும் கேட்டவையும் அந்த நேரத்தில்தான் மேலே வரும். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு, காசு இல்லை. மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்நேரமும் அழைக்கலாம். பெடியன்கள் இதைச் சொல்லாமல் கஞ்சாவிலும் ஐஸ் போதைப்பொருளிலும் போய் நிற்கிறார்கள். தம்பிமாரே, வைத்தியரிடம் போவதில் ஆண்மை ஒன்றும் குறைந்துவிடாது.

கூட வளர்ந்தவர்களை விட்டுவிடாதீர்கள். சொந்தச் சகோதரங்கள் வேறு வேறு இல்லங்களில் பிரிந்திருந்தால் அவர்களுடைய இலக்கங்களை முதலில் தேடி எடுங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ எல்லோரும் ஒன்றாகப் போவது என்று வைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தை எனக்குத் தெரியும். அவர்களில் யாருக்கு வேலை போனாலும் மற்றவர்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

நாங்கள் வெளிநாட்டிலிருந்து இல்லத்துக்குக் காசு அனுப்புகிறோம். வேறு என்ன செய்யலாம்?

உங்கள் காசில்தான் பல இல்லங்களின் அடுப்பு எரிந்தது. ஆனால் அநேகமான உதவி பிறந்தநாள் சாப்பாட்டுக்கும் கட்டடத்துக்கும் போகிறது. ஒரு பிள்ளைக்குப் பதினெட்டு முதல் இருபத்தொன்றுவரை அறை வாடகையும் பேருந்துக் காசும் கொடுப்பதற்கு ஆள் குறைவு. பெயர்ப் பலகையில் வராத உதவி அது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பிள்ளையை அந்த மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை அழைத்து, சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். படத்தை முகநூலில் போடாதீர்கள்.

இந்த மாதமே வெளியேறுகிறேன். எதுவும் ஆயத்தமில்லை. முதலில் எதைச் செய்வது?

நாளைக்கே பிரதேச செயலகத்துக்குப் போய் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, வெளியேறும் திகதியைச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு மூன்று மாதம் தரும்படி இல்லத்தோடு அவரைக் கதைக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் அடையாள அட்டையும் உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும் எடுங்கள். சிறுவர் கணக்கில் உங்களுக்காக யாராவது போட்ட பணம் இருக்கிறதா என்று இல்லத்தில் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அப்புறம் ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியராக இருக்கலாம், இல்லத்துச் சமையல் அம்மாவாக இருக்கலாம். காய்ச்சல் வந்தாலும் கையெழுத்துப் போடச் சொன்னாலும் முதலில் உங்களுக்குத்தான் அழைப்பேன், சரியா என்று அவரிடம் நேரில் கேட்டு, அவருடைய இலக்கத்தைத் தொலைபேசியில் மட்டுமல்லாமல் ஒரு கடதாசியிலும் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள்.